கடைமடைப் புகை

சுயம்புலிங்கத்தின் நாட்டாண்மைக்கு அவர் ஆசை ஆசையாக வளர்த்த காளைகளே குழி பறித்துவிட்டன.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு நெடுங்கரைப்பட்டி வண்டிகள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. முதல் வண்டி நாட்டாண்மையுடையது. உச்சி வெயிலும் வயிறு நிறைந்த புளியோதரையும் சேர்ந்து, சுயம்புலிங்கம் கயிற்றைக் கையில் பிடித்தபடியே கண் அயர்ந்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பரிபூரணம் மடியில் துளசியை வைத்துக்கொண்டு மேற்கே பிளவக்கல் மலையில் மழைக் கருக்கல் கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்மாய்க்கரை இறக்கம் வந்ததும் காளைகள் ஊர்ப்பாதையை விட்டு இடது பக்கம் திரும்பின. ஆடி அசைந்து வாய்க்கால் தடத்தில் இறங்கி, மேல்மடையின் முதல் வயலுக்குள் போய், ஏர் பூட்டுகிற மூலையில் நின்று, இனி வேலையைப் பார்க்கலாம் என்பதுபோல் தலையைத் தாழ்த்திக்கொண்டன.

பின்னால் வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வயலை மாசி மாதம்தான் கான்சாபுரத்து மலைச்சாமி விலைக்கு வாங்கியிருந்தான். மலைச்சாமி பரிபூரணத்தின் தம்பி. அவனிடம் சொந்தமாக உழவுமாடு உண்டு. அப்படியிருக்க, நாட்டாண்மை வீட்டுக் காளைகளுக்கு அங்கே ஏர் பூட்டுகிற மூலை எப்படித் தெரியும்? மனிதன் எதையாவது சொல்லிச் சமாளிப்பான். மாட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

வேறு ஊராக இருந்தால் இதெல்லாம் ஒரு பேச்சே இல்லை. நெடுங்கரைப்பட்டியில் நாட்டாண்மை என்பது மீசைக்கும் தலைப்பாகைக்கும் கிடைக்கிற பதவி அல்ல. கண்மாய்த் தண்ணீரைப் பங்கு வைக்கிறவருக்குக் கடைமடையில், கடைசி வயலாக ஒரு வயல் இருக்க வேண்டும். அதற்கு மேலே கையகல நிலமும் இருக்கக் கூடாது. ஊர் வயல் எல்லாம் நனைந்த பிறகுதான் அவர் வயல் நனையும். முறைத் தண்ணீர் திறக்கிற அன்றைக்கு நாட்டாண்மை மடைப்பக்கம் போக மாட்டார். கடைசி வயலில் வெறுங்காலோடு நிற்பார். தண்ணீர் வந்து காலைத் தொட்டதும் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போடுவார். கரையில் இருக்கிற மடைக்காரன் அந்தப் புகையைப் பார்த்துத்தான் மடையை அடைப்பான். தாசில்தாரே குதிரையில் வந்து அதட்டினாலும் புகை எழும்பாமல் மடை அடைபடாது. அடுத்த முறை என்றைக்கு என்று சொல்வதும் நாட்டாண்மை ஒருவர்தான்.

அந்தக் கடைசி வயல் பரிபூரணத்தின் மஞ்சக்காணி. கல்யாணத்தின்போது அவள் அப்பா மகளுக்கென்று எழுதிவைத்தது. பாதி உவர்மண், மழை பொய்த்தால் கோரைதான் முளைக்கும். சுயம்புலிங்கம் நாட்டாண்மை ஆனது அந்த வயலைக் கட்டிக்கொண்ட யோகத்தில்தான். இதைப் பரிபூரணம் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டும்படி அவர் நடந்துகொண்டதில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் சுயம்புலிங்கம் கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான், ஐப்பசி பிறந்தும் எழுந்து வெளியே போகவில்லை. மழை என்னவோ அந்த வருஷம் மலைமேல் மனசாரப் பெய்தது. மலையிலிருந்து ஓடை செந்தண்ணீராக இறங்கி, கண்மாய் கழுத்துவரை நிறைந்தது. ஊருக்குள் ஒருவரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த நாட்டாண்மை யார் என்பதுதான் பேச்சு.

பரிபூரணம் குதிரைவாலியை உரலில் போட்டுக் குத்திக்கொண்டே கட்டிலைப் பார்த்துச் சொன்னாள்.

“எந்திரிச்சு ஒரு வாய் கஞ்சியக் குடிங்க. பட்டினி கெடந்தா நடந்தது இல்லன்னு ஆயிருமா?”

“வயலு ஒந்தம்பி பேருலதான் இருக்கு.”

“பேரு அவனுது, ஏரு ஒங்களுது. இருட்டோட எந்திரிச்சு மாட்டை மேய்க்கப் போறேன்னு போவீயளே, இதுக்குத்தானா?”

அவர் சுவரைப் பார்த்தே பேசினார். “ஏட்டி பூரணம், எம்புட்டு வருசமா அந்த உவரைக் கட்டி அழுதோம்? ஊரு பூராம் களை எடுத்து முடிக்கும்போதுதான் நம்ம வயலு நனையும். தாது வருசப் பஞ்சத்துல மேல்மடைக்காரனுக்கு ஒரு மரக்கா நெல்லாவது கண்டுச்சு. நமக்குப் புல்லுகூட மொளைக்கல. கையில இருந்த பிள்ளையப் பறிகொடுத்தோம். அன்னைக்கி நெனச்சேன், சாகுறதுக்குள்ள மொத மடையில ஒரு வயலு வாங்கிப்புடணும்னு.”

உலக்கை நின்றது. அந்தப் பிள்ளையைப் பற்றி இருவரும் பேசியே பல காலம் ஆகியிருந்தது. பரிபூரணம் உலக்கையைச் சுவரில் சாத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்தப் பிள்ளைய நானும்தான் பெத்தேன்,” என்றாள். “வயலுக்கு ஆசப்பட்டதுக்கு நான் வைய மாட்டேன். நாட்டாண்மைய எறக்கி வச்சிட்டு வாங்கியிருந்தா, மொத நாத்த நானே வந்து நட்டிருப்பேன். ரெண்டும் வேணும்னு எந்தம்பி முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சீயளே, அதத்தான் என்னால தாங்க முடியல.”

சுயம்புலிங்கம் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் பல நாள் தாடி. “நீ மனசு வச்சா எல்லாம் சரியாயிரும். மொத முறைத் தண்ணி அன்னைக்கி ஊரு கூடுது. ‘வயலு எந்தம்பியோடது, மாட்டை எரவலுக்குக் குடுத்தோம்’னு ஒரு வார்த்த சொல்லு. அய்யனார் முன்னால சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிரு. ஒஞ் சொல்லுக்கு இந்த ஊர்ல மறுசொல்லு கெடையாது.”

“அதனாலதான் சொல்ல மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் உலக்கையை எடுத்தாள்.

நாற்காலி ஆடுகிறது என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கு அதன்மேல் கண் விழுந்தது. ஒருவர் பலசரக்குக் கடை மைதீன் பிச்சை. நடுமடையில் வாழைத்தோட்டம் வைத்திருந்தார். சிரித்த முகம், நாலு பேருக்கு நல்லவர். இன்னொருவர் பருத்தி வியாபாரி பொன்னுராஜ். ராஜபாளையத்திலிருந்து வந்து நிலம் வாங்கிக் குடியேறிய குடும்பம், வீட்டில் தெலுங்கு. தாசில்தார் கச்சேரியில் தனக்குத் தெரியாத ஆளே இல்லை என்பார். இரண்டு பேருக்கும் எல்லாம் இருந்தது. கடைசி வயல் மட்டும் இல்லை. ஆகவே கோரை முளைக்கிற அந்த உவர்நிலத்துக்குத் திடீரென்று ராஜயோகம் பிறந்தது.

முதலில் வந்தது மைதீன் பிச்சையின் மனைவி நூர்பானு. தூக்குச்சட்டியில் கெளுத்திமீன் குழம்பு கொண்டுவந்தாள். அவளும் பரிபூரணமும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவர்கள். ஆனாலும் அன்றைக்கு நூர்பானு தூக்குச்சட்டியைக் கீழே வைக்காமலே நின்றாள்.

“மதினி, எங்க வீட்டுக்காரவுக பொறத்தால வாராவ. என்ன கேட்டாலும் என்மேல வருத்தப்படாதீய,” என்றாள்.

“மீன் கொழம்புக்கு எவளாச்சும் வருத்தப்படுவாளா? உக்காருங்க.”

மைதீன் பிச்சை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தங்கச்சி, சுத்தி வளைக்கல. மச்சானுக்கு இனி நாட்டாண்மை நெலைக்காது. வெளியாளு கையில போறதுக்குள்ள அந்த வயல எனக்குக் குடுத்துரு. ஒங்களுக்கு ஒரு கொறையும் வராம நான் பாத்துக்கிடுதேன்.”

“ஒங்களுக்கு நடுமடையில தோட்டம் இருக்கே அண்ணாச்சி. முறைப்படி மேல நெலம் இருக்கக் கூடாதுல்லா?”

“அதுக்கென்ன, நூர்பானு பேருக்கு எழுதிருவேன்.”

நூர்பானு தலையைக் குனிந்துகொண்டாள். பரிபூரணத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அண்ணாச்சி, இவிய மலைச்சாமி பேருக்கு எழுதுனாவ, நீங்க மதினி பேருக்கு எழுதுவீய. பேருதான மாறுது?”

மைதீன் பிச்சை நியாயம் உறைக்கிற மனிதர். காதைத் தடவிக்கொண்டு, “வாயைத் தெறந்து நானே மாட்டிக்கிட்டேன்,” என்று சிரித்தார். போகும்போது, “ஆனாலும் யோசி தங்கச்சி,” என்று சொல்லத் தவறவில்லை.

பொன்னுராஜ் மறுநாள் சேலையோடு வந்தார். கட்டிலைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

“அக்கய்யா, கச்சேரியில பேசிட்டேன். வயலு மட்டும் கைக்கு வந்தா மத்ததெல்லாம் நான் பாத்துக்குவேன். என் நெலத்தையெல்லாம் மகன்மாரு பேருக்கு மாத்திடுறேன்.”

“சேலைய ஒங்க மருமகளுக்குக் குடுங்க தம்பி, அவளுக்குத்தான் இந்த நெறம் எடுக்கும். வயலப் பத்தி முறைத் தண்ணி அன்னைக்கிச் சொல்லுதேன்.”

அன்று மாலை வெந்நீர் வைத்துக் கொடுத்தபோது சுயம்புலிங்கம் கேட்டார். “என்ன சொல்லப் போற?”

“எனக்கே தெரியல,” என்றாள். அது உண்மைதான். ஒன்று மட்டும் தெரிந்திருந்தது. கிணற்றடி நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இந்த முறையில் கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் அதை மாட்டுக்குத்தான் அறுத்துப்போட வேண்டும். அப்புறம் அடுத்த வருஷ அறுப்புவரை வீட்டில் நெல் கிடையாது.

கார்த்திகை பிறந்ததும் முறைத் தண்ணீர் நாள் வந்தது. சுயம்புலிங்கம் சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டிக் கரைக்குப் போனார். ஆண்கள் எல்லாரும் அங்கேதான். யார் கடைமடையில் நிற்பது என்று முடிவாகாமல் மடை திறக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். நாற்று எல்லாருக்கும் முற்றிக்கொண்டிருந்தது. ‘திறந்துவிடுவோம், பேச்சு அது பாட்டுக்கு நடக்கட்டும்’ என்று முடிவாயிற்று. மடைக்காரன் சோணைமுத்து கும்பிட்டுவிட்டுப் பலகையைத் தூக்கினான்.

இதையெல்லாம் வழியில் போனவர்கள் சொல்லித்தான் பரிபூரணத்துக்குத் தெரியும். அவள் மம்பட்டியைத் தோளில் போட்டு, இடுப்பில் கங்கு போட்ட சட்டியோடு கடைசி வயலுக்கு வந்துவிட்டாள். வயலின் ஈசான மூலையில் ஊர் வழக்கப்படி வைக்கோலை நனைத்துக் குவித்தாள். வெறுங்காலோடு நின்றாள். வாய்க்காலில் தவளை கத்துகிற ஈரம்கூட இல்லை. வெயில் ஏறியது. கரைப்பக்கம் ஆண்களின் சத்தம் காற்றில் வந்து வந்து போயிற்று. தண்ணீர் வரவில்லை.

நாட்டாண்மை இல்லாத தண்ணீர் எப்படி வரும்? அவரவர் வயலுக்குத் திறந்துவிட்டுவிட்டு அடைக்க மறந்திருப்பார்கள். கேட்க ஆள் இல்லையே. புகை எழும்பாதவரை சோணைமுத்துவும் மடையை அடைக்க மாட்டான். இங்கே ஒரு சொட்டு வராமலே அங்கே கண்மாய் வடிந்துவிடும்.

பரிபூரணம் வாய்க்கால் கரையோடு மேற்கே ஏறி நடந்தாள்.

நடுமடை வாழைத்தோட்டத்தில் வாய்க்கால் தண்ணீர் பாய்கிற வாமடை இரண்டும் திறந்து, வாழை முழங்கால் தண்ணீரில் நின்றது. வரப்பில் நூர்பானு காவல். பரிபூரணம் மம்பட்டியோடு வருவதை அவள் பார்த்தாள். சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி, மண்ணை அள்ளிப் போட்டு, தன் காலாலேயே மிதித்து ஒரு வாமடையை அடைத்தாள்.

“அடுத்ததையும் நானே அடச்சிருதேன் மதினி. நீங்க மேல போங்க.”

பொன்னுராஜின் வயலில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அங்கே காவல் நின்ற ஆண்டிச்சாமி குறுக்கே வந்தான்.

“மொதலாளி சொல்லாம அடைக்க முடியாதும்மா.”

“வயலு நெறஞ்சு வரப்பு வழியா வழியுது. இன்னும் எதுக்குலே தண்ணி?”

“எங்க வயல மட்டும் சொல்லுதீயளே. ஒங்க வீட்டு வயலு அங்க மேல்மடையில மெதக்குது. மொதல்ல அத அடைங்க. பொறவு இங்க வாங்க, நானே அடச்சித் தாரேன்.”

பரிபூரணத்துக்கு முகம் சுட்டது. கோபம் அவன்மேல் இல்லை. “நீ கேட்டது சரிதான்,” என்றாள். “வார்த்த மாறக் கூடாது. அடச்சிட்டு வாரேன்.”

மேல்மடையின் முதல் வயல் கண்ணாடிபோல் நிறைந்து கிடந்தது. உவரைத் தவிர வேறு எதையும் அறியாத அவளுக்கு அந்தக் கருப்புமண்ணைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் ஆசை வரத்தான் செய்தது. வரப்பில் மலைச்சாமி உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்தான்.

“வாமடைய அடைலே. கீழ் வரப்ப வெட்டி, பாதித் தண்ணிய வாய்க்காலுக்கு வடிச்சி விடு.”

“நெறஞ்ச வயல வடிக்கதா? மச்சான் என்னையத்தான் வைவாவ.”

“வயலு யாரோடது மலைச்சாமி?”

அவன் கரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “ஊருக்கு என்னோடது. நமக்குள்ள மச்சானோடது.”

“இனிமே ரெண்டுக்கும் ஒன்னோடதுதான். கடன ஒடன வாங்கியாவது மச்சான் போட்ட பணத்தத் திருப்பிக் குடு. ஒன் ஏரு பூட்டி உழு, ஒன் களத்துக்குக் கதிரக் கொண்டு போ. எங்க வீட்டு மாடு இந்தப் பக்கம் வராது. வெட்டுலே.”

மலைச்சாமி வெட்டினான். தண்ணீர் சளசளவென்று வாய்க்காலில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் கரையில் நின்ற சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவே வெளுத்த வேட்டியில் சுயம்புலிங்கம். அவர் நினைத்திருந்தால் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். மலைச்சாமியின் மம்பட்டி நின்றிருக்கும். அவர் வாயைத் திறக்கவில்லை. பரிபூரணம் அவரையே பார்த்தாள். பிறகு கீழே நடந்தாள்.

ஆண்டிச்சாமி சொன்னபடி பொன்னுராஜின் வாமடையை அடைத்துவிட்டு நின்றான். “நீங்க போவீயன்னு நெனைக்கலம்மா,” என்றான்.

திரும்பும்போது தண்ணீரும் கூடவே வந்தது. சருகையும் நண்டுக்குஞ்சையும் தள்ளிக்கொண்டு, வெடிப்புகளில் இறங்கி நிறைந்து ஏறி, அவள் நடைக்குச் சரியாக வந்தது. கடைசி வயலில் போய் நின்றாள். ஈரம் கால்விரலைத் தொட்டது. பிறகு குதிங்கால். இத்தனை வருஷம் அந்தக் குளிர்ச்சி இப்படி இருக்கும் என்று அவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷமாக இருந்தது.

சட்டியில் சாம்பலைக் கிளறிக் கங்கை ஊதினாள். வைக்கோல் பற்றிக்கொண்டு வெள்ளைப் புகை தென்னைக்கு மேலே எழுந்தது.

இனி சோணைமுத்துவின் கையில்தான் எல்லாம். யார் போட்ட புகை என்று தெரிந்து அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், கண்மாய் வீணாக வடியும். கரையில் சத்தம் ஓய்ந்துவிட்டது. அவள் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அதே வேகத்தில் வந்தது. கணுக்கால் மூழ்கியது. கரைக்கே போய்க் கேட்டுவிடுவோமா என்று மம்பட்டியை எடுத்தாள். அப்போது வாய்க்கால் ஓரத்துப் புல்லில் ஒரு ஈரக்கோடு தெரிந்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மடை அடைபட்டுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வரப்பில் சுயம்புலிங்கம் வந்தார். வேட்டியில் சேறு தெறித்திருந்தது. வயலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

“என்னங்க?”

“அடுத்த முறை என்னைக்குன்னு கேட்டுட்டு வரச் சொன்னாவ.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. “யாரு?”

“ஊருதான். ‘பொம்பள போட்ட புகைக்கு மடை அடைக்கிறதா’ன்னு பொன்னுராஜ் குதிச்சான். ‘புகை கடைசி வயல்ல இருந்து வந்திருக்கு, எனக்கு அம்புட்டுதான் தெரியும்’னு சோணைமுத்து பலகைய எறக்கிட்டான். மைதீன் பிச்சைதான் என் கையப் புடிச்சு, ‘மச்சான், நாட்டாமைகிட்டக் கேட்டுட்டு வாங்க’ன்னாரு. நான் யாரச் சொல்லுதாருன்னு முழிச்சேன். எல்லாரும் இந்தப் பக்கமா கையக் காட்டுதாவ.”

பரிபூரணத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது. அவரும் லேசாகச் சிரித்தார். மேல்மடை வயல் மூலையில் காளைகள் நின்ற நாளிலிருந்து அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை.

“அடுத்த வெள்ளிக்கெழமைன்னு சொல்லிட்டு வாங்க,” என்றாள். “வரும்போது மாட்டையும் பத்திட்டு வாங்க. இந்த ஈரத்துலயே சேறு கலக்கித் தொளி அடிச்சு நாத்த நட்டுப்புடணும்.”

அவர் நகராமல் நின்றார். “அப்பம் மேல்மடை வயலு, பூரணம்?”

“அது எந்தம்பியோடதுன்னு நீங்கதான ஊர் பூராம் சொன்னீய? வெரசாப் போங்க. கரை எறக்கத்துல மட்டும் கயித்த இறுக்கிப் புடிச்சுக்கிடுங்க. மாட்டுக்கு இன்னும் சேதி தெரியாது.”